பெடல் இறுகுது தம்பி

"ஸ்டார்ட்டர் பத்துது தம்பி, ஒருக்கா வாங்க" என்று அந்த மீன் லொறிக்கார நானா போனில் கூப்பிட்டபோது விடிகாலை நாலு மணி. ஆள் கிண்ணியா. திருகோணமலைக் கொட்பே துறைமுகத்தில் மீன் ஏற்றி கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கொழும்புக்கு ஓடுகிறவர். ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டிய பிழைப்பு. வண்டி அரை மணித்தியாலம் நின்றாலே அவருக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும்.

வண்டி வயரிங் வேலை செய்கிற நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது புகை அடங்கியிருந்தது. பற்றரியின் எர்த் பக்கத்தை, அதாவது கரண்ட் திரும்பி வரும் நெகட்டிவ் வயரை, அவரே கழற்றிப் போட்டிருந்தார். அதுதான் பெரிய புண்ணியம். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயரில் பெரும்பாலான லொறிகளில் பியூஸ் கிடையாது. ஸ்டார்ட் அடிக்கும்போது பல நூறு அம்பியர் பாயும் அந்த வயரில் பிசகு வந்தால், சாவியைத் திருப்பி எடுத்தாலும் பயனில்லை. பற்றரியைக் கழற்றினால்தான் நிற்கும்.

கபினைத் தூக்கிப் பார்த்தேன். பழைய ஜப்பான் லொறி, 24 வோல்ட். ஸ்டார்ட்டருக்கு மேலே, அதற்குக் கரண்டை விடும் சுவிட்சான சோலனொய்டுக்குச் சாவியிலிருந்து வரும் மெல்லிய வயர் கருகிக் கிடந்தது. சோலனொய்டைக் கழற்றினால் உள்ளே செம்புத் தட்டு குழிகுழியாகத் தின்னப்பட்டிருந்தது. அந்தத் தட்டு ஒட்டிக்கொண்டால், இஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருந்து சூடேறி எரியும். இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே விஷயம் முடிந்தது என்று எனக்குத் தோன்றிவிட்டது. தட்டை மாற்றினேன், கருகிய வயரை மாற்றினேன். மீட்டரை எடுத்து எர்த்தையும் பார்த்தேன், 0.2 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே அந்த மீட்டரில் அவ்வளவு காட்டும். அதாவது தடை இல்லை. சரி, எர்த் நல்லம்.

புறப்படும்போது நானா சொன்னார்: "பெடலும் கொஞ்சம் இறுகுது தம்பி. பற்றரி புதுசு, ஆனா இழுத்து இழுத்துத்தான் சுத்துது." பெடல் வயரிங்காரன் வேலை இல்லை, மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. முழு நோயையும் மனிதர் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார்.

ஒன்பதாம் நாள் மறுபடியும் போன். இந்த முறை புகை மட்டுமில்லை, சுவாலை. கரையில் நின்றவர்கள் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்திருந்தார்கள். லொறியைக் கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுவந்தோம். நானா எதுவும் பேசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் மாற்றிய சோலனொய்ட் வயர் மறுபடியும் கருகியிருந்தது. இந்த முறை அவசரப்படாமல் அதை வெட்டி மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும்தான் உருகியிருந்தது. மறுபக்கம் உறை நிறம்கூட மாறவில்லை. உறையைச் சீவினால் செம்பு பளபளவென்று புதிதாகவே இருந்தது, உறையும் செம்பை இறுகப் பிடித்திருந்தது. அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் போன வயர் உள்ளேயிருந்து வேகும். செம்பு கறுக்கும், உறை தளர்ந்து குழாய்போலக் கழன்று வரும். இது வெளியேயிருந்து சுடப்பட்ட வயர். அப்படியென்றால் பக்கத்தில் கிடந்த வேறு ஏதோ ஒன்று இதைச் சுட்டிருக்கிறது. முதல் தடவை கழற்றிய வயரையும் குப்பை வாளியிலிருந்து தேடி எடுத்தேன். அதுவும் அப்படியேதான். ஒன்பது நாளைக்கு முன்னமே கையில் இருந்த சாட்சி.

பக்கத்தில் கிடந்தது எக்ஸிலேட்டர் கேபிள். அதன் பிளாஸ்டிக் உறை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சீராக வெந்து போயிருந்தது. உள்ளேயிருந்த கம்பி நீலம் பாரித்து உறையோடு ஒட்டியிருந்தது. பெடல் ஏன் இறுகியது என்று அப்போதுதான் விளங்கியது. ஆனால் எக்ஸிலேட்டர் கேபிளில் கரண்டுக்கு என்ன வேலை?

எனக்குத் தொழில் பழக்கிய பாஸ் இப்போது உப்புவெளியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். பின்னேரம் அவரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "நெருப்பு எங்க எரிஞ்சதெண்டு சொல்லுறாய். கரண்ட் எந்தப் பக்கத்தால திரும்பிப் போகுதெண்டு பார்த்தனியா?"

"எர்த் பார்த்தனான் பாஸ். மீட்டர் நல்லமெண்டு காட்டுது."

"சும்மா நிக்கேக்க காட்டும். ஸ்டார்ட் அடிக்கேக்க என்ன காட்டுது?"

இரவோடிரவாகத் திரும்பி வந்தேன். பொடியனைத் தீயணைப்புச் சிலிண்டரோடு பக்கத்தில் நிறுத்தினேன். மீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையை இஞ்சின் பிளாக்கிலும் மற்றதைப் பற்றரியின் எர்த் முனையிலும் பிடித்துக்கொண்டு, இரண்டு விநாடி மட்டும் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. மீட்டர் ஆறைத் தாண்டியது. எக்ஸிலேட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு அடித்தால் ஸ்டார்ட்டர் 'டக்' என்றதோடு சரி, சுற்றவேயில்லை. இஞ்சினிலிருந்து லொறியின் இரும்புச் சட்டமான செசிக்குத் தடித்த ஜம்பர் வயர் ஒன்றைப் போட்டு அடித்தேன். புது வண்டிபோலச் சுற்றியது.

இஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியே கரண்ட் போகாது. பற்றரியின் எர்த் பூட்டியிருப்பது செசியில். ஸ்டார்ட்டருக்குள் போன அத்தனை கரண்டும் பற்றரிக்குத் திரும்ப, கியர்பொக்ஸ் பக்கத்திலிருந்து செசிக்குப் போகும் பின்னல் பட்டி ஒன்றுதான் பாதை. அது அடைபட்டால் கரண்ட் சும்மா இருக்காது. இஞ்சினின் டீசல் பம்பில் மாட்டியிருக்கும் எக்ஸிலேட்டர் கேபிள், பெடல், கபின், கபினின் சின்ன எர்த் வயர் என்று கிடைத்த சந்தெல்லாம் புகுந்து போகும். மீட்டர் அனுப்புவது எறும்பு நடக்கிற கரண்ட். ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது கடந்துவிடும். ஸ்டார்ட்டருடையது 300 அம்பியர் என்று வைத்தால், வெறும் 0.02 ஓம் தடையே ஆறு வோல்ட்டைத் தின்றுவிடும். அந்த 0.02 என் மீட்டரின் கண்ணுக்குத் தெரியாது. ஆறு வோல்ட்டும் 300 அம்பியரும் சேர்ந்தால் 1,800 வாட், கிட்டத்தட்ட இரண்டு அயன்பெட்டிச் சூடு.

பட்டியைக் கழற்றினேன். மேலே கறுப்புக் கிறீஸ் பூசி முழுசாக, ஆரோக்கியமாகத்தான் தெரிந்தது. விரலால் வளைத்தேன். கருவாட்டுச் செதில்போலப் பொருபொருவென்று உதிர்ந்து, உள்ளே பச்சைத் தூள் கொட்டியது. நான் மீட்டர் வைத்த இரண்டு முனைகளிலும்தான் செம்பு மிச்சம். நடுவில் ஏழெட்டு இழை இருந்திருக்கும். ஏன் இங்கே மட்டும் இப்படி என்று மேலே நிமிர்ந்து பார்த்தால், மீன்பெட்டித் தட்டின் ஒரு மூட்டிலிருந்து ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் செசி வழியே ஓடி வந்து நேரே அந்தப் போல்ட்டில் விழுகிறது. கடற்காற்றுப் போதாதென்று இது வேறு. கடலோரத்தில் வயரிங் வேலை செய்கிற நான் அதைத்தான் முதலில் தேடியிருக்க வேண்டும். சோலனொய்ட் தட்டு தின்னப்பட்டதும் இதன் விளைவாக இருக்கலாம். வோல்ட் குறைந்தால் அதன் இழுவை தளர்ந்து, விட்டுவிட்டுத் தொட்டுப் பொறி அடிக்கும்.

மிச்ச வேலை சின்னது. செசியில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டி ஒன்றும், பிளாக்கிலிருந்து நேரே இன்னொரு தடித்த வயரும் போட்டேன். பூட்டுகளின்மேல் வாசலின் பூசி, எக்ஸிலேட்டர் கேபிளையும் கபினின் எர்த் வயரையும் மாற்றினேன். மறுபடி அளந்தபோது 0.3 வோல்ட்.

முதல் தடவை வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். நானா வேண்டாம் என்றார், நான் விடவில்லை. கடைசியில் காசை வாங்கிக்கொண்டு ஒரு பாரை மீனைப் பையில் போட்டுத் தந்தார். தண்ணீர் பின்பக்கமாகப் போகும்படி தட்டுக்கு அடியில் ஒரு குழாயும் மாட்டிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து லைட் வேலைக்கு வந்தார். ஸ்டார்ட் ஒரே அடியில் பிடித்தது. குனிந்து பார்த்தேன். குழாயைக் காணோம். கழன்று விழுந்ததாம். தண்ணீர் பழைய இடத்திலேயே சொட்டிக்கொண்டிருந்தது.