வேவர்லியின் சக்கரம், நாலாவது தடவை

கிணற்றடித் தொட்டியில் விட்டதும் கப்பல் முன்னுக்குப் போகவே இல்லை. இரண்டு சக்கரங்களும் சலார் சலார் என்று தண்ணீரை வாரி மேலே எறிந்தன. உடுப்புத் தோய்க்க வந்த அம்மா, "இது கப்பலோ, துலாவோ?" என்று கேட்டார். சரியான கேள்விதான்.

நான் செய்வது வேவர்லி என்ற கப்பலின் சின்ன மாதிரி. ஸ்கொட்லாந்தின் கிளைட் ஆற்று முகத்துவாரக் கரையோரத்தில் துறைக்குத் துறை ஆட்களை ஏற்றி இறக்க 1947 இல் ஓடத் தொடங்கிய நீராவிக் கப்பல்; இரு பக்கமும் உள்ள பலகைச் சக்கரங்கள் தண்ணீரைத் தள்ளித்தான் அது ஓடும். அதே பெயரில் இருந்த பழையது இரண்டாம் உலகப் போரில், 1940 இல் பிரான்சின் டன்கிர்க்கில் மூழ்கியது. அசல் 73 மீற்றர், என்னுடையது 73 சென்ரிமீற்றர். உடம்பு ஒட்டுப்பலகை, புகைபோக்கி இரண்டும் பிவிசி குழாய். அதெல்லாம் இரண்டு நாள் வேலை. சக்கரம்தான் மூன்று கிழமையைத் தின்றது.

சக்கரத்தின் பலகைகளை ஆரக்கால்களில் அசையாமல் ஒட்டியதுதான் பிழை. பலகை தட்டையாக விழுந்து தண்ணீரை அறைகிறது, வெளியே வரும்போது அகப்பைபோல அள்ளுகிறது. அசலில் ஒவ்வொரு பலகையும் தன் முளையில் அசையும். சக்கர அச்சிலிருந்து சற்று விலகிய இன்னொரு மையத்திலிருந்து வரும் கம்பிகள், பலகை தண்ணீருக்குள் இறங்கும்போதும் ஏறும்போதும் அதை நிமிர்த்திப் பிடிக்கின்றன. சைக்கிள் கம்பியை வளைத்து எட்டுப் பலகைக்கும் அப்படிச் செய்தேன். மூன்று தடவை இறுகி நின்றது. ஓட்டைகளை அரை மில்லிமீற்றர் பெருப்பித்ததும் சுழன்றது பாருங்கள், தொட்டியின் மறுசுவரில் போய் முட்டியது!

சக்கரத்துக்கு ஒரு மோட்டாராகப் போட்டால் நின்ற இடத்திலேயே திருப்பலாம் என்றான் நண்பன். திருப்பலாம், ஆனால் அது வேவர்லி ஆகாது. அதில் மூன்று சிலிண்டர் இயந்திரம் ஒரே அச்சைத்தான் சுழற்றுகிறது. திரும்ப சுக்கான் மட்டுமே. பற்றரி வயரை மாற்றிப் பின்னோக்கிச் சுழற்றியபோதுதான் சக்கரத்தின் அருமை தெரிந்தது. அரைக் கப்பல் நீளத்துக்குள் நின்றுவிட்டது. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு அணைவதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று புரியும்.

1974 இல் வேவர்லியை ஒரு பவுணுக்கு ஆர்வலர் சங்கத்திடம் கொடுத்தார்கள். அடுத்த வருடமே திரும்ப ஓடியது. ஒரு பவுண்! என் மோட்டார் அதைவிட விலை.

போன ஞாயிறு யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் விட்டேன். காற்றில் சரிந்ததும் ஒரு சக்கரம் ஆழ அமிழ, மற்றது அந்தரத்தில் சுழல, கப்பல் வட்டமடித்தது. இப்போது அடியில் ஈயக்கட்டி வைத்துக்கொண்டிருக்கிறேன்.