பரங்கிமலைப் படிகளில் ஒரு தவக்கால வெள்ளி

நேற்று சென்னையின் பரங்கிமலை ஏறிய கால்வலி இன்னும் இறங்கவில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்த ஆட்டோ. 10 ரூபாய் டிக்கெட்டில் மின்சார ரயில் ஏறிப் பரங்கிமலை வந்து இறங்கினால், மலையடிவாரத்துக்கு 200 ரூபாய் கேட்கிறார் டிரைவர். 150-க்குக் கீழே ஒரு பைசா குறைக்க மாட்டாராம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில், வெள்ளிக்கிழமை ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்தே கேட்கிற விலை இது, பச்சை அநியாயம். அன்றைய மொத்தச் செலவுக்கே 300 ரூபாய்தான் வைத்திருந்தேன். மார்ச் வெயிலில் நடந்தே போனேன்.

மலை சுமார் 300 அடி உயரம். படிகளை 18ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். ஏறும் வழியெங்கும், இயேசு சிலுவை சுமந்து போன வழியை நினைவூட்டும் சிலுவைப் பாதையின் 14 நிலைகள்.

போன ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் எடுத்துக்கொண்டது, இயேசு சீடர்களிடம் கேட்ட கேள்வி: “நான் யார் என்று சொல்கிறீர்கள்?” “நீர் மெசியா” என்று சீடர் பேதுரு சொன்ன பதிலை மறைக்கல்வி வகுப்பிலேயே மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் என் பதில் என்ன? அந்த யோசனையோடுதான் ஏறினேன்.

ஒன்பதாம் நிலை. இயேசு மூன்றாம் முறை விழும் இடம். செருப்பில்லாமல் ஏறிவந்த பாட்டி ஒருவர் அங்கே படியில் உட்கார்ந்திருந்தார். குதிகால் முழுக்க வெடிப்பு, அதில் செம்மண். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“வேணாம் தம்பி, மேல போய்க் குடிச்சுக்கறேன். அவரு மூணு தடவ விழுந்து எந்திரிச்சாரு. நான் ஒரு தடவதான உக்காந்திருக்கேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மேலே 1523-இல் போர்த்துகீசியர் கட்டிய கோயில். பீடத்தில், பகலவி என்ற பழைய பாரசீக எழுத்துகள் சுற்றிலும் செதுக்கிய பழைய கற்சிலுவை. இயேசுவின் சீடர் தோமையார் கி.பி. 72-இல் இந்த மலையில்தான் குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. அவரைச் ‘சந்தேகத் தோமா’ என்று சொன்னாலே எனக்குக் கோபம் வரும். இயேசுவோடு பெத்தானியாவுக்குப் போனால் ஆபத்து என்று மற்றவர்கள் தயங்கியபோது, நாமும் போவோம், அவரோடு சாவோம் என்றவர் அவர்தானே!

இயேசு உயிர்த்தார் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது, அதை நம்பத் தோமா அடையாளமாகக் கேட்டது முகத்தையோ குரலையோ அல்ல, ஆணித் தழும்பை. உயிர்த்த பிறகும் அந்தக் காயங்கள் மறையவில்லை. இயேசு கையை நீட்டிக் காட்டினார். தோமா தொட்டார் என்றுகூட யோவான் தம் நற்செய்தியில் எழுதவில்லை. “என் ஆண்டவரே, என் தேவனே” என்ற சொல்தான் வந்தது. பூசையில் அப்பத்தை உயர்த்தும்போதெல்லாம் நான் முணுமுணுப்பது அதே சொல்தான். காயத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது என்பது நேற்றுதான் எனக்கு உறைத்தது. என் பதிலும் அதுதான்: காயத்தோடு நிற்கிற கடவுள்.

இறங்கியதும் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ், 40 ரூபாய். மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்த் துண்டு. ஆகா! இறைச்சி தவிர்க்கும் வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னொரு சொம்பும் குடித்தேன்.

சென்னையில் தோமையார் நினைவிடங்களான சின்னமலை, சாந்தோம் இரண்டையும் அன்றே பார்ப்பதாகத் திட்டம். முடியவில்லை. அடுத்த வெள்ளி அம்மாவையும் கூட்டிக்கொண்டு சாந்தோமில் தோமையார் கல்லறைக்குப் போகிறேன். சின்னமலைக்கு அந்தப் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டியதில்லை.