ஐம்பத்தெட்டாம் நம்பர்

ஆகஸ்ட் 29, 2025, வெள்ளி

மணி பதினொன்றரை. சட்டை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கும்போதும் டாலஸ் வெயில் இறங்கவில்லை, அலுமினிய பெஞ்சில் உட்கார்ந்தால் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி, போன வருஷம் இதற்கென்றே வாங்கிய குஷனை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருக்கிறேன். முதல் ஆட்டம், 34-20, ஜெயித்துவிட்டோம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: என் மகள் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் முதலில் போனேன். இது மூன்றாவது சீசன், இப்போதெல்லாம் அவள் வாசிக்கும்போது நான் பக்கத்துத் தொப்பித் தாத்தாவிடம் இரண்டாவது குவார்ட்டரில் (ஆட்டத்தின் நாலு கால்பகுதியில் ஒன்று) எதற்குப் பன்ட் அடித்து, அதாவது பந்தை உதைத்து எதிரணிக்கே அனுப்பினார்கள் என்று வாதாடிக்கொண்டிருக்கிறேன், இது பற்றி அவள் அம்மாவிடம் புகாரும் போயிருக்கிறது. பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. பையன்களின் பெயரும் கிடையாது, நம்பர் போதும். காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை இது, ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்கிற ஃபுட்பால். நாலு முயற்சியில் பத்து யார்டு முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. இவ்வளவு தெரிந்தால் மீதியைச் சமாளித்துக்கொள்ளலாம்.

இந்த வருஷத்துச் சண்டை குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிகிறவன், யார் என்பது. 7 சீனியர், அதாவது பள்ளியில் கடைசி வருஷம், நிதானம், கொஞ்சம் மெதுவாக ஓடுவான். 12 பத்தாம் வகுப்பு, கை பீரங்கி. என் பின் வரிசை முழுக்க 12 கட்சி. தொப்பித் தாத்தா எந்தக் கட்சியும் இல்லை. அவருடைய பேரன் இங்கே படித்து முடித்துப் போய்ப் பல வருஷம் ஆகிறது, இவர் மட்டும் இன்னும் வருகிறார். "பந்தைப் பார்க்காதே, சென்டரைப் பார்" என்று இன்றைக்கும் சொன்னார். சென்டர் என்றால் நடுவில் குனிந்து நின்று, கால்களுக்கு இடையில் பந்தைப் பின்னால் குவார்ட்டர்பேக்குக்கு அனுப்புகிறவன். எங்கள் அணியில் 58. மூன்று வருஷமாகப் போகிறேன், அவன் முகம் எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 5, வெள்ளி

17-31. 7 இரண்டு பாஸை எதிரணி கையில் கொடுத்தான். பின் வரிசையில் "12, 12" என்று ஜபம். 

வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் தொழில்முறை லீக் இன்றைக்குப் பிரேசிலில் ஆடியிருக்கிறது. வெள்ளி இரவில் அவர்கள் ஆடுவது அபூர்வம். 1961-இல் வந்த ஒரு சட்டம்தான் காரணம், செப்டம்பர் இரண்டாவது வெள்ளியிலிருந்து டிசம்பர் இரண்டாவது சனி வரை, பள்ளி ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து 75 மைலுக்குள் வெள்ளி இரவில் அவர்கள் ஒளிபரப்பினால், எல்லா அணியும் சேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்பதற்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பு போய்விடும். பள்ளிப் பிள்ளைகளின் டிக்கெட் கவுன்டருக்காக ஒரு நாட்டின் பாராளுமன்றம் காவலுக்கு நின்றிருக்கிறது. இன்று முதல் வெள்ளி என்பதால் தப்பித்தார்கள்.

செப்டம்பர் 13, சனி

நேற்று ஆட்டம் ஒருதலைப்பட்சம், அரைமணி நேரத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது, அதனால் பேச்சு பக்கத்து ஊரான ஆலன் பக்கம் போய்விட்டது. இந்தப் பகுதியில் குவார்ட்டர்பேக் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் கைலர் மர்ரியிடம்தான் வந்து நிற்பார்கள். ஆலன் உயர்நிலைப் பள்ளிக்காக அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய 42 ஆட்டத்திலும் தோல்வியே கிடையாது, 2012, 2013, 2014 மூன்று வருஷமும் மாநிலக் கோப்பை. அப்புறம் 2018-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஹைஸ்மன் விருது (கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவருக்கு), 2019-இல் தொழில்முறை லீக்கின் புது ஆள் தேர்வில் அரிசோனா அணி முதல் ஆளாக எடுத்துக்கொண்டது. இதை ஒப்பித்துவிட்டு, நம் 7-ஐப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் அவன் என்ன செய்வான், பாவம்.

ஆலன் பள்ளி ஸ்டேடியத்தின் கதையும் வந்தது. 2012-இல் ஆறு கோடி டாலருக்குக் கட்டினார்கள், 18,000 பேர் உட்காரலாம், இரண்டு வருஷத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டு 2014 சீசன் முழுக்கப் பூட்டிப்போட்டார்கள். அந்த வருஷம்தான் சொந்த மைதானம் இல்லாமல் மூன்றாவது கோப்பையை அடித்தது. ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ணிக் கோபுரம் சாய்ந்தால் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசுகிறார்கள், பாதி வருத்தம், பாதி குஷி.

எல்லாம் கேட்டுவிட்டுத் தாத்தா ஒரு கேள்வி போட்டார். "அந்த 42 ஆட்டத்திலும் ஒருத்தன் குனிந்து நின்று பந்தைச் சரியாக அனுப்பியிருக்க வேண்டுமே, அவன் பேர் யாருக்காவது தெரியுமா?" இரண்டு வரிசை அமைதி.

அன்றைக்கு மீதி நேரம் 58-ஐ மட்டும் பார்த்தேன். முதலில் ஒன்றுமே புரியாது, பந்து எங்கே போகிறது என்று கண் ஓடிவிடும். பிடித்து நிறுத்தினால் ஒரு தனி ஆட்டம் தெரிகிறது. பந்தை அனுப்பிய அதே மூச்சில் முந்நூறு பவுண்டு ஆள் ஒருவன் நெஞ்சில் வந்து விழுகிறான், அதற்குமுன் கையை நீட்டிக் காட்டி யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறான். 50-லிருந்து 79 வரை நம்பர் போட்டவர்கள் முன்னோக்கி எறிகிற பாஸைப் பிடிக்கக்கூடாது என்பது விதி. பந்தை முதலில் தொடுகிறவன் அவன்தான், பந்து பிடித்தான் என்று ஒரு நாளும் அவன் பேர் வராது.

செப்டம்பர் 26, வெள்ளி

ஹோம்கமிங்கும் (பழைய மாணவர்களை வரவேற்கிற பள்ளித் திருவிழா) கொலுவும் ஒரே நாளில். முடியவில்லை.

டெக்சாஸில் ஹோம்கமிங் அன்று பெண் பிள்ளைகள் 'மம்' என்று ஒன்றை நெஞ்சில் குத்திக்கொள்கிறார்கள். அடிப்படையில் சாமந்திப்பூ. ஒரு காலத்தில் நிஜப் பூவாம். இப்போது தட்டு அளவுக்குத் துணிப்பூ, அதிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ரிப்பன், ரிப்பனில் மணி, கரடி பொம்மை, சிலருக்குக் குட்டி விளக்கு. மகளும் தோழிகளும் ஒருவருக்கொருவர் செய்துகொண்டார்கள், ஹாலில் ஒரு வாரம் பசைத் துப்பாக்கி. அந்த அலங்காரத்தோடு சாயங்காலம் ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போனோம். அந்த வீட்டுப் பாட்டி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படியில ஏறி உக்காந்துக்கோம்மா" என்றார்.

சுண்டலை ஸ்டேடியத்துக்குள் விடமாட்டார்கள். காரிலேயே இருந்து ஊசிப்போனது. 41-38, கடைசி நிமிஷத்தில் 7 கொடுத்த பாஸில் ஜெயித்தோம், இன்றைக்குப் பின் வரிசை முழுக்க 7 கட்சி.

அக்டோபர் 3, வெள்ளி

58 இல்லை.

உடம்பு சரியில்லையோ என்றால் கீழே அணியோடுதான் நிற்கிறான், ஜெர்சியைச் சாதாரண பேன்டுக்கு மேல் போட்டுக்கொண்டு. அவன் இடத்தில் 64. இரண்டாவது முயற்சியிலேயே பந்து 7-இன் தலைக்கு மேல் பறந்து போய் எதிரணிக்கு டச்டவுன், அதாவது பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி. மூன்றாவது குவார்ட்டரில் தரையில் உருண்டு வந்தது இன்னொன்று. 7 நாலு தடவை அடிபட்டு விழுந்தான். 10-27. பின் வரிசை முழுக்கத் திரும்ப 12. பந்து கைக்கு வந்தால்தானே ஐயா எறிவதற்கு, அதை 12 மட்டும் எங்கிருந்து பிடிப்பான்?

அக்டோபர் 11, சனி

நேற்றும் தோல்வி, 14-24. அதை விடுங்கள். நேற்று நான் செய்ததை எழுத வேண்டும்.

58 ஏன் ஆடவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் ஆறு வாரப் படிப்பு முடிந்து மதிப்பெண் வந்த சமயத்தில் ஒருவன் நன்றாக நடமாடிக்கொண்டே ஆடாமல் நின்றால் டெக்சாஸில் அதற்கு ஒரே அர்த்தம். 'பாடத்தில் பாஸ் இல்லையென்றால் ஆட்டம் இல்லை' என்பது இங்கே 1984-இல் வந்த சட்டம். டாலஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோ தலைமையிலான குழு பரிந்துரைத்தது, கோச்சுகள் கொதித்துப் போனார்களாம். ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் ஆட்டத்தில் இறங்க முடியாது. பயிற்சிக்கு மட்டும் வரலாம். பேண்டுக்கும் அதேதான், அதனால் எங்கள் வீட்டிலும் அந்தச் சட்டத்துக்குப் பயம் உண்டு. நான் படித்த பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார், அதற்குச் சட்டம் ஏதும் தேவைப்படவில்லை.

சரி, நேற்று. 64 மறுபடியும் பந்தைத் தரையில் உருட்டினான். பின்னால் ஒருவர் 7-ஐத் திட்ட, நான் எழுந்து நின்று திரும்பி, எல்லாம் தெரிந்த ஆள் மாதிரி, "குறை 7-இடம் இல்லை சார், நம்ம சென்டர் கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டுட்டான், அதான் பிரச்சினை" என்று சத்தமாகச் சொன்னேன். எந்தப் பாடம் என்றெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. கெமிஸ்ட்ரியாகத்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டது, என் காலத்தில் எனக்கு அதுதான் தகராறு.

தாத்தா என் முழங்காலைத் தட்டினார். இரண்டு வரிசை முன்னால் ஒரு அம்மா, முதுகில் பெரிய வெள்ளை எழுத்தில் 58. அவர் திரும்பவில்லை. நேராக மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்கப்புறம் ஆட்டம் முடியும்வரை நான் பார்த்தது அந்த முதுகை மட்டும்தான்.

மகள் மூன்றாவது குவார்ட்டர் இடைவேளையில் சாப்பிட வந்தாள். அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது, அவன் எந்த வகுப்பில் இருக்கிறான், என்ன ஆச்சு எல்லாம். கேட்டேன். "அப்பா, அது உங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

அக்டோபர் 17, வெள்ளி

பேண்ட் பெற்றோர் சங்கத்தில் எனக்கு இன்றைக்குக் கடை டியூட்டி. ஃப்ரீட்டோ பை, நாச்சோஸ், ஊறுகாய் வெள்ளரி. முதல் பாதி முழுக்கச் சீஸ் ஊற்றிக்கொண்டிருந்ததால் ஆட்டம் பார்க்கவில்லை, கூட்டம் "ஐயோ" என்பதை வைத்துத் தெரிந்துகொண்டதுதான். தோற்றோம்.

இடைவேளையில் வரிசை நகர்ந்து நகர்ந்து எதிரே அந்த அம்மா. கையில் கரண்டியோடு நின்றேன். போன வாரம் நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது, மன்னிச்சுக்கோங்க என்று சொன்னேன், குழறிக் குழறித்தான் வந்தது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கெமிஸ்ட்ரி இல்லை. இங்கிலீஷ்" என்றார். "நாச்சோஸ் இரண்டு. ஹாலபீனோ தனியாக."

காசு வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை, அது இன்னும் கேவலமாக இருந்திருக்கும். எட்டு டாலர் வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

58 வந்துவிட்டான். மூன்று வாரம் முடிந்தது, பாஸாகியிருக்க வேண்டும், நான் விசாரிக்கவில்லை. 38-13. 7 மூன்று டச்டவுன். பின் வரிசையில் ஒருவர் "7-க்கு இப்போதுதான் தன்னம்பிக்கை வந்திருக்கிறது" என்று விளக்கம் கொடுத்தார். தாத்தா தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்.

64-ஐயும் விடவில்லை, சென்டருக்கு இடது பக்கத்தில் நின்று தடுக்கிற கார்டாகப் போட்டிருக்கிறார்கள். பந்து அனுப்புகிற வேலை இல்லாமல் முட்டுகிற வேலை மட்டும் கொடுத்தால் பிரமாதமாக முட்டுகிறான். போன மூன்று வாரமாக அவனை ஊரே திட்டியது, நானும்தான்.

நவம்பர் 7, வெள்ளி

போன வாரமும் இந்த வாரமும் வெற்றி. ஆறு வெற்றி, நாலு தோல்வி, எங்கள் போட்டி மாவட்டத்தில் (ஒன்றோடொன்று ஆடுகிற பள்ளிகளின் பிரிவு) நாலாம் இடம். முதல் நாலு அணிக்குத்தான் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்றுகள், நூலிழையில் உள்ளே. டிசம்பரில் ஆர்லிங்டன் பெரிய ஸ்டேடியத்தில் ஃபைனல் ஆட இன்னும் ஐந்து சுற்று ஜெயிக்க வேண்டும். நடக்காது, ஆனால் பின் வரிசைக்காரர் ஹோட்டல் விலை பார்க்கிறார், ஆர்லிங்டன் இங்கிருந்து ஒரு மணி நேரம்.

இன்று சீனியர் நைட். கடைசி வருஷப் பையன்கள் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவே நடந்து வர, மைக்கில் பேர் சொல்வார்கள். 58 ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். கண்ணாடி போடுகிற பையன். அம்மாவை விட இரண்டடி உயரம், குனிந்து அவர் கையில் பூவைக் கொடுத்தான்.

நவம்பர் 15, சனி

முடிந்தது. நேற்று முதல் சுற்றிலேயே 24-28. கடைசி நாற்பது விநாடி, எங்களிடம் பந்து, 58 அனுப்பியது 7-இன் நெஞ்சுக்கு நேராகப் போய் விழுந்தது, 7 எறிந்தது எதிரணிக்காரன் கையில் போய் விழுந்தது. 7 அங்கேயே உட்கார்ந்துவிட்டான். 58 போய்த் தூக்கிவிட்டான், அதற்கு மேல் நான் பார்க்கவில்லை, தாத்தா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததால் அவருக்கு டிஷ்யூ தேடினேன்.

பேண்ட் பள்ளிப் பாட்டை வாசித்து முடிப்பதற்குள் பின் வரிசையில் அடுத்த வருஷத்துப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது, 12 வந்தால் எப்படி எப்படி எல்லாம் இருக்கும் என்று.

படி இறங்கும்போது 58-இன் அம்மா பக்கத்தில் வந்தார். உங்கள் பெண் அடுத்த வருஷமும் இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள், சீனியர் என்றேன்.

"அப்போ நீங்களும் வருவீங்க. அந்த 64 நல்ல பையன், அடுத்த வருஷம் அவன்தான் சென்டர். அவனோட அம்மா வழக்கமா உங்களுக்கு இடதுபக்கம் மூணாவது சீட்ல உக்காருவாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது சீட் காலியாக இருந்தது, ஒரு குஷன் மட்டும் கிடந்தது.