பினாங்கில் கப்பல் நின்ற ஏழு மணி நேரம்

பாதிப் பேர் முந்தைய இரவே பினாங்கு மலைக்கு டூர் பதிவு செய்துவிட்டார்கள். நாங்கள் செய்யவில்லை. மலை ரயிலுக்கு வரிசையில் நின்றே பொழுது போய்விடும் என்ற பயம்தான்.

ஸ்வெட்டன்ஹம் துறையை விட்டு வெளியே வந்ததும் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். சிரித்தபடியே தாண்டிப் போய்விடுங்கள், ஜார்ஜ் டவுன் நடந்தே பார்க்க வேண்டிய ஊர். கொஞ்ச தூரத்திலேயே விக்டோரியா மணிக்கூண்டு. 1897 வைரவிழாவுக்காக, ராணியின் ஆட்சியில் ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். உலகப்போர் குண்டுவீச்சில் லேசாகச் சாய்ந்துவிட்டது. இது தெரியாமல், என் கைதான் கோணுகிறது என்று மூன்று முறை படம் எடுத்தேன்!

கார்ன்வாலிஸ் கோட்டையை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அப்புறம் லிட்டில் இந்தியா. 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் குயின் தெருவில் இருக்கிறது. பக்கத்தில் பூ விற்ற அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கப்பல்ல வந்தீங்களா? ஒரே மாதிரி தொப்பியா வருதே" என்றார்.

எனக்குப் பிடித்தது சூ ஜெட்டிதான். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனக் குடும்பங்களின் மர வீடுகள். பலகை இடுக்கில் குனிந்தால் கீழே தண்ணீர் அசைகிறது. ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை, ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

வெயில் பற்றிக் கேட்காதீர்கள். கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது ஏறிவிட்டோம். சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும்.