600 வரிகளும் ஒரு கேள்வியும்

அந்தக் குழுவைத் தடுத்தது சரிதானா என்று இன்னமும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. என்னிடம் ப்ராஜெக்ட் செய்ய வந்த இறுதியாண்டுப் புள்ளியியல் மாணவர்கள், ஐந்து பேர். விடுதியில் 20 பேரிடம் 30 நாளுக்கு, போன் பார்த்த நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் குறித்து வாங்கப்போவதாகச் சொன்னார்கள். "மொத்தம் 600 டேட்டா சார், நல்ல சாம்பிள் சைஸ்."

600 இல்லை என்றேன். ஒரே ஆளிடம் 30 நாள் கேட்பதும் 30 பேரிடம் ஒருநாள் கேட்பதும் ஒன்றாகாது. ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருப்பவன் நாளைக்கும் அநேகமாக அப்படித்தான் இருப்பான். போர்டில் கணக்கும் போட்டேன். ஒரே ஆளின் பதில்களுக்குள் ஒட்டுறவு, அதாவது அவை ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு, 0.4 என்று வைத்துக்கொண்டால், முதல் நாள் போக மீதி 29 நாளுக்கு 1 + 29 × 0.4 = 12.6. அதால் 600ஐ வகுத்தால் சுமார் 48. சராசரித் தூக்கத்தை மதிப்பிட அந்த 600 வரிகளுக்கு 48 தனி ஆட்களின் பலம்தான். அது தெரியாமல் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால் பி-மதிப்பு 0.000 என்று, தற்செயலாக வந்திருக்கவே முடியாத முடிவுபோல வரும், எல்லோரும் கை தட்டுவார்கள்.

அப்போதுதான் கடைசியில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்: "சார், ஒருத்தரை இன்னொருத்தரோட ஒப்பிடாம, அவரையே அவரோட ஒப்பிட்டா? போன் அதிகமாப் பார்த்த நாள்ல அதே ஆள் குறைச்சலாத் தூங்கினாரான்னு பார்க்க 30 நாளும் வேணும்தானே?"

கச்சிதமான கேள்வி. என் 48 சராசரிக்கான கணக்கு. அவள் கேட்டதற்கு அது பதிலே இல்லை. "நல்ல கேள்விம்மா, ஆனா நமக்கு டைம் இல்லை" என்றேன். அந்த "நல்ல கேள்வி"தான் உறுத்துகிறது. கதவைச் சாத்துவதற்கு ஆசிரியர்கள் வைத்திருக்கும் மரியாதையான வார்த்தை அது.

என் பக்கமும் நியாயம் உண்டு. ஒரே ஆளிடம் பலமுறை எடுத்த தரவுக்கான கலப்பு விளைவு மாதிரிகள் பாடத்திட்டத்தில் இல்லை. நேற்றைய தூக்கக் குறைவு இன்றைய தூக்கத்தையும் இழுக்கும், ஞாயிற்றுக்கிழமை தனிக் கதை, பாதிப் பேர் பத்தாம் நாளே குறிப்பதை நிறுத்திவிடுவார்கள். தூக்கம் வராததால் போனை எடுத்தார்களா, போனால் தூக்கம் போனதா என்பதும் தெரியாது. வைவாவில் எக்ஸ்டெர்னல் குடைந்தால் மாட்டுவது அவர்கள்தான்.

ஆனால் எளிய வழி ஒன்று இருந்தது. ஒவ்வொருவரின் சராசரியையும் அவரவர் எண்களிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை ஒப்பிடலாம். எக்செலில் கூடுதலாக இரண்டு நெடுவரிசை, அவ்வளவுதான். அது எனக்கு அன்றைக்கே தெரியும். சொன்னால் எல்லாவற்றுக்கும் நான்தான் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும்.

கடைசியில் 2011 சென்சஸுக்கு மாற்றிவிட்டேன்: 32 மாவட்டங்கள், எழுத்தறிவும் பெண்களின் வேலைப் பங்கேற்பும். பாதுகாப்பான தலைப்பு. சரி, உண்மையிலேயே பாதுகாப்பா? கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரியோடுதான் இருந்தது. இரண்டையும் தனித்தனிப் புள்ளி என்று எண்ணினால், ஒரே ஆளை இருமுறை கேட்டதிலிருந்து அது எவ்வளவு தூரம்? அதோடு, மாவட்ட ஒட்டுறவை வைத்து மனிதர்களைப் பற்றிப் பேசவும் முடியாது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபின்சன் 1950இல் எழுதிய கட்டுரை ஒன்றுண்டு. 1930 அமெரிக்க சென்சஸில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு, ஒட்டுறவு ஏறக்குறைய −0.53. தனிமனிதர் அளவில் பார்த்தால் +0.12, அதாவது வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறியாமை சற்று அதிகம், குறியே மாறிவிட்டது. குடியேறியவர்கள் ஏற்கெனவே படித்தவர்கள் நிறைந்த மாநிலங்களில் போய்த் தங்கினார்கள், அதனால் வந்த வினை.

இதையெல்லாம் எக்ஸ்டெர்னல் கேட்கவில்லை. கிராஃப் நன்றாக இருக்கிறது என்றார். மார்க்கும் நன்றாகவே வந்தது.

அடுத்த ஆண்டு இன்னொரு குழு, ஒரே வகுப்பின் வருகைப்பதிவையும் இன்டெர்னல் மார்க்கையும் செமஸ்டர் செமஸ்டராகப் பார்க்கப்போவதாக வந்தது. அதே வகுத்தலைப் போர்டில் போட்டுவிட்டு, யாராவது எதிர்த்துக் கேட்பார்களா என்று கொஞ்சம் பார்த்தேன். கேட்கவில்லை. அவர்களையும் சென்சஸுக்கே அனுப்பிவிட்டேன்.