சிவகங்கை நாட்குறிப்பு, ஜூன் 2025

ஜூன் 3, செவ்வாய்
மாற்றலாகி வந்தாயிற்று. மதுரை செல்லூரிலிருந்து சாமான் வந்து இறங்கிவிட்டது. பீரோவுக்கு ஒரு கால் போச்சு. அப்பா வரவில்லை.

ஜூன் 5, வியாழன்
போனில் அப்பா கேட்டது ஒன்றுதான். "அந்த ஊர்ல எத்தனை பேரு இருக்காங்க தாயி?"
2011 கணக்குப்படி 40,403 என்றேன்.
"நம்ம செல்லூர்லயே அதைவிட ஜாஸ்தி இருப்பாங்க."
மாவட்டத் தலைநகர் அப்பா, 13,39,101 பேருக்கும் கலெக்டர் ஆபீஸ் இங்கதான் என்றேன்.
"மனுவைக் குடுத்துட்டுச் சாயங்காலம் பஸ் ஏறிருவாங்கள்ல?"

ஜூன் 9, திங்கள்
குறைதீர் கூட்ட நாள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த அம்மா சிங்கம்புணரியிலிருந்து வந்திருக்கிறார். பட்டாவை பாலிதீன் கவரில் சுற்றி மஞ்சப்பையில் போட்டு, பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். இளையான்குடி, தேவகோட்டை என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள். ராத்திரி ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். அப்பா சொன்னது சரிதான், கூட்டம் வடிந்துவிட்டது. வடிந்த பிறகு மிஞ்சுகிற ஊரில்தான் நாங்கள் இருக்கப்போகிறோம். அந்த நேரத்துக்கு அப்பாவுக்கு மூச்சு வாங்கினால்? மருந்துக்கடை எத்தனை மணி வரை என்று கேட்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்
பத்தரை வரை.

ஜூன் 13, வெள்ளி
இப்போது வைகையைப் பிடித்துக்கொண்டார். ஆறு இல்லாத ஊரில் மனுஷன் எப்படி இருப்பான் என்கிறார். வைகை இந்த மாவட்டத்துக்குள்தான் வருகிறது. திருப்புவனம், மானாமதுரை என்று போய் ராமநாதபுரம் சீமைக்குள் இறங்கிவிடுகிறது, சிவகங்கையைத் தொடுவதில்லை. இந்தப் பக்கம் எல்லாம் கண்மாய்ப் பாசனம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் உண்டு. இப்போது ஊரைத் தாண்டினால் காய்ந்த செம்மண்ணும் சீமைக்கருவேலமும்தான். ஆனால் 1730 வாக்கில் சசிவர்ணத் தேவர் தலைநகராக்கியதும், 1780இல் வேலு நாச்சியார் திரும்பப் பிடித்ததும் ஆறு இல்லாத இந்த ஊரைத்தானே? ஊர் நடுவில் தெப்பக்குளம் இருக்கிறது, சாயங்காலம் காற்று வருகிறது. அப்பா உட்கார அது போதாதா? எனக்குப் போதும். அவருக்குப் போதுமா, தெரியவில்லை.

ஜூன் 14, சனி
அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. அத்தை சொல்லித்தான் தெரிந்தது.

ஜூன் 17, செவ்வாய்
மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நேற்று அரசிதழ் அறிவிப்பு வந்துவிட்டது. 2027 மார்ச் 1 தான் கணக்கு. அன்றைக்கு அப்பா பெயரை எந்த வீட்டில் எழுதுவார்கள்? காலையிலிருந்து இதே நினைப்பு. இந்த வீட்டில் எழுத வேண்டும். என் பெயருக்குக் கீழேயே எழுத வேண்டும். அவர் இருக்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி
ஆபீசில் ஓர் அக்கா, காரைக்குடிக்கே மாற்றல் கேட்டிருக்கலாமே என்கிறார். பெரிய ஊர்தான். 2011லேயே 1,06,714 பேர், போன வருஷம் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி 2012இலிருந்து சிவகங்கையில் இருக்கிறது. மற்றதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

ஜூன் 22, ஞாயிறு
அழுதேன். சமைக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்
வருகிறாராம்! "பத்து நாள் இருந்து பாக்குறேன்" என்றார். சரி, பத்து நாள். கார் சொல்லியாச்சு. மானாமதுரை சுற்றிக் கூட்டி வராமல் வரிச்சியூர், பூவந்தி வழியாகத் தொண்டி ரோட்டிலேயே வரச் சொல்ல வேண்டும். மாத்திரைச் சீட்டை அத்தை மறக்காமல் கொடுத்துவிட வேண்டும். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்த மாடிவீட்டுத் தம்பியைக் கூப்பிட வேண்டும்.