ஒரு காது மட்டும் மின்னியது

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் மண்டபம் கரையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலையைப் பிடித்த கைகளெல்லாம் இன்ஜினுக்கு வந்துவிடும். நான் உதவிக்குப் போகும் பட்டறையில் அந்த இரண்டு மாதமும் கால் வைக்க இடம் இருக்காது. தடைக்காலம் முடியச் சில நாட்களே இருந்தபோது, பட்டறைப் பையன் ஒருவன் கியர் பாக்ஸுக்கு வந்த புதிய பல்சக்கரத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

“மாமா, இப்போதுதான் பெட்டியைப் பிரித்தேன். பல்லெல்லாம் கோடு கோடாக இருக்கிறது. திருப்பி அனுப்பிவிடலாமா?”

“கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்தாயா?” என்று கேட்டேன்.

இந்தக் கேள்வி எனக்குச் சொந்தமானது அல்ல. ராணுவத்தில் ஆயுதங்களையும் வாகனங்களையும் பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. பிரிவில் நான் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைச் செப்பனிடுபவனாகச் சேர்ந்த புதிதில், எனக்குத் தொழில் சொல்லித்தந்த உஸ்தாத் என்னைப் பார்த்துக் கேட்டது. அன்று பெட்டிகளில் புதிய ரைபிள்கள் வந்திருந்தன. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸைத் துடைத்து, பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்து, ஏற்கலாமா வேண்டாமா என்று எழுத வேண்டும். இரண்டு ரைபிள்களை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒன்றின் போல்ட் கேரியரில், அதாவது தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் பாகத்தில், குறுக்கே, சீப்பு வாரியதுபோல் வரிவரியாகத் தடங்கள். தொட்டாலே சொரசொரப்பு. மற்றொன்று கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. முதலாவதைத் தள்ளிவிட்டேன், இரண்டாவதை ஏற்றுக்கொண்டேன். இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்த உஸ்தாத் கேட்ட முதல் கேள்விதான் அது.

வெட்டுக்கருவி விட்டுப்போகும் தடம் சம இடைவெளியில் இருக்கும். பாகம் எந்தத் திசையில் ஓடப்போகிறது என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது, அதனால் பெரும்பாலும் ஓட்டத்துக்குக் குறுக்கே கிடக்கும். தேய்மானம் அப்படி அல்ல. அது ஓட்டத்தின் வழியே நீளவாக்கில் விழும், ஓரிடத்தில் ஆழ்ந்து ஓரிடத்தில் மெலியும். நான் தள்ளிய கேரியரில் இருந்தது கடைசலின் தடம். கண்ணுக்கு அழகில்லை, அவ்வளவுதான். அதில் எண்ணெய் தங்குவதால் ஒரு பயனும் உண்டு.

வழவழப்பாக இருந்த ரைபிளில்தான் வினை இருந்தது. அந்த ரகத்தில் போல்டின் தலையில் எதிரெதிராக இரண்டு பூட்டுக் காதுகள் இருக்கும், லக் என்போம். தோட்டா அறைக்குள் போனதும் போல்ட் சுழன்று இந்தக் காதுகள் இரண்டும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். வெடிக்கும் கணத்தில் அறைக்குள் எழும் அழுத்தம் 350 மெகாபாஸ்கலைத் தாண்டும். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப்போல் 3,000 மடங்குக்கும் மேல். அந்த உந்துதலை இரண்டு காதுகளும் பாதிப்பாதியாகத் தாங்க வேண்டும். உஸ்தாத் போல்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். ஒரு காதின் பின்முகத்தில் கருஞ்சாம்பல் பூச்சு கலைந்து, நகத்தின் பிறைபோல ஒரு துண்டு வெள்ளையாக மின்னியது. மற்றக் காதில் பூச்சு தொழிற்சாலையில் பூசியபடியே இருந்தது. அது எதிலும் படவே இல்லை. முழுச் சுமையும் ஒரே காதில்.

“புதிய ரைபிளில் தேய்மானம் எப்படி வந்தது?” என்று கேட்டேன். புதியது என்றால் சுடாதது என்று பொருளல்ல என்றார். தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டாவைச் சுட்டுச் சோதித்திருப்பார்கள். ஆகவே புதியதில் பளபளப்பு இருப்பது குற்றமில்லை. எங்கே இருக்கிறது, ஜோடியில் இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆனால் அந்த இடத்திலும் அவர் தீர்ப்பு எழுதவில்லை. இதைத்தான் நான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். தடம், எங்கே படுகிறது என்பதை மட்டும்தான் காட்டும். குற்றம் யாருடையது என்று காட்டாது. போல்டின் காது கோணலா, அது மாட்டும் இடம் கோணலா? பட்ட இடத்தில் அழிந்து காட்டும் நீலச் சாயத்தை, நீலம் என்போம், காதுகளின் முகத்தில் மெல்லிசாகத் தடவி, மாட்டிக் கழற்றிப் பார்த்தார். பிறகு அதே போல்டை, சரியென்று தெரிந்த வேறொரு ரைபிளில் போட்டுப் பார்த்தார். சோதிக்க மட்டும்தான். ஒன்றின் போல்டை மற்றொன்றில் போட்டால் போல்டின் முகத்துக்கும் அறையில் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, ஹெட்ஸ்பேஸ் என்போம், கேஜ் வைத்து அளக்காமல் ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது. அங்கேயும் நீலம் ஒரு காதில் மட்டும் அழிந்தது. குறை போல்டோடு கூடவே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தார்.

ஒரு சிப்பாய் அதைத் தோளில் சாய்த்துக் கன்னத்தை ஒட்டிவைத்துச் சுடுவான். போல்ட் இருப்பது அவன் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். நான் அதற்கு ‘சரி’ எழுதியிருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு வந்த ஆண்டுகளில் கண் மெல்லப் பழகியது. போல்டின் முகத்தில் மஞ்சள் தடத்தைப் பார்த்துப் பதறுவார்கள். அது தோட்டா உறையின் பித்தளை ஒட்டியது, துடைத்தால் போய்விடும். விளிம்பில் பிசிறு இருந்தால் எண்ணெய்க்கல்லால் இரண்டு இழுப்பில் சரியாகலாம். ஆனால் பூட்டும் முகத்தில் கல்லை வைக்கக்கூடாது, அங்கே ஒரு மயிரிழை எடுத்தாலும் அளவு மாறிவிடும். நகத்தால் வருடினால் தட்டுகிற கீறல், இரும்பு இரும்போடு ஒட்டிப் பிய்ந்து இழுபட்டுக் குவிந்த தடம், இவை இரண்டும் அப்படி விட்டுவிடக் கூடியவை அல்ல. அப்படிப் பிய்ந்த இடம் தானாக ஆறாது, ஓட ஓடப் பெருகும். அதைப் பார்த்த பிறகும் ‘ஓடிப் பழகிவிடும்’ என்று சொல்பவர்களிடம் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஓய்வு பெற்று ஊர் வந்த பிறகு கடல்காற்றும் ஒரு பாடம் சொல்லித்தந்தது. பூச்சு இருக்கும் இடம் எண்ணெயைப் பிடித்துவைக்கும். உரசி வெறும் இரும்பாகிவிட்ட இடத்தில்தான் துரு முதலில் ஏறும். வாடைக்காற்று அடிக்கிற நாளில், ஓடிய பாகம் ஒன்றைத் துடைத்து இரவு மேசைமேல் வைத்துவிட்டுக் காலையில் வந்து பாருங்கள். எது எதோடு உரசியதோ அந்த இடமெல்லாம் மெல்லிய பழுப்புக் கோடாக எழுந்திருக்கும். கண்ணுக்குத் தப்பியதை உப்புக்காற்று காட்டிக்கொடுத்துவிடும். நல்ல பாகத்தை அப்படி வைக்காதீர்கள். கழித்துப்போட்ட பாகத்தில் செய்து பார்க்கலாம்.

பல்சக்கரத்துக்கு வருகிறேன். கோடுகள் பல்லின் நீளத்தில், இழை பிசகாமல் ஓடின. சாணைக்கல்லின் தடம். ஓடித் தேய்ந்திருந்தால் பல்லின் அடியிலிருந்து நுனிக்கு இழுத்திருக்கும். “இந்தக் கோட்டுக்காகத் திருப்பி அனுப்பாதே” என்றேன். பையன் நிம்மதியாக எடுத்துக்கொண்டு போகப் பார்த்தான். நீலத்தைத் தடவி மாட்டச் சொன்னேன். கையால் மெல்லச் சுற்றிக் கழற்றியபோது, நீலம் எல்லாப் பற்களிலும் ஒரே ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தது. ஷாஃப்டோ பேரிங்கோ சாய்ந்திருக்கலாம் என்று, கழித்த பழைய பல்சக்கரத்தை அதே இடத்தில் போட்டுப் பார்த்தோம். தேய்ந்து மெலிந்துபோன அந்தப் பழையது, பல்லின் நடுவில் அழகாகப் பட்டது. குறை புதியதோடுதான் வந்திருந்தது.

படகுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அண்ணே, தடை முடிய நாலு நாள்தான் இருக்கிறது. இப்படியே போட்டு, கடலில் தங்கிப் பிடிக்கும் முதல் தங்கலை முடித்துவிட்டு வந்து மாற்றிக்கொள்ளக் கூடாதா?” நியாயமான தவிப்புதான். இரண்டு மாத வருமானம் இல்லாத வீடு, டீசலுக்கும் ஐஸுக்கும் வாங்கிய கடன். ஆனாலும் நடுக்கடலில் பல் முறிந்தால் காற்றும் நீரோட்டமும் படகை எல்லைக்கு அப்பால் கொண்டுபோகும். அதற்குப் பிறகு நடப்பது இந்தக் கரையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மாற்றுச் சக்கரம் 14ஆம் தேதி மாலை பஸ்ஸில் வந்தது. அதன் பற்களிலும் அதே கோடுகள் இருந்தன. நீலம் தடவி மாட்டினோம். சுற்றிக் கழற்றியதும் பையன் என்னிடம் காட்டுவதற்கு முன் தானே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். ஒவ்வொரு பல்லாகத் திருப்பி, முழுச் சுற்றும் பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தான்.

“நடுவில் பட்டிருக்கிறது மாமா. எல்லாப் பல்லிலும்.”